பேர் இல்லாத நிலைமைகளுக்கு பேர் வைக்க ஒரு மூலை ஒதுக்குங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல குறுக்கெழுத்து வருது, சுடோகு வருது, விடுகதை கூட எப்பவாவது வருது, எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாக்குற வாசகிதான் நான், ஆனா ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்குற ஒரு கோரிக்கைய இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். தினமும் நம்ம எல்லாருக்கும் நடக்குற, ஆனா பேரே இல்லாத சின்னச் சின்ன நிலைமைகள் எத்தனையோ இருக்கு, அதுக்கெல்லாம் வாசகர்கள் சிரிக்கிற மாதிரி புதுச்சொல் செஞ்சு அனுப்ப வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன மூலைய ஒதுக்குங்க. கேக்குறது அவ்ளோதான். ஏன் கேக்குறேன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

எந்த மாதிரி நிலைமைன்னா, நடைபாதையில எதிர்ல ஒருத்தர் வர்றார், அவருக்கு வழி விடலாம்னு நீங்க ஒரு பக்கமா ஒதுங்குறீங்க, அவரும் உங்களுக்கு வழி விடலாம்னு அதே பக்கம் ஒதுங்குறார், சரின்னு நீங்க இந்தப் பக்கம் வந்தா அவரும் கரெக்டா இந்தப் பக்கம் வர்றார், ரெண்டு பேரும் அசடு வழிய சிரிச்சுக்கிட்டு இன்னொரு ரவுண்டு ஆடினதுக்கு அப்புறம்தான் விஷயம் முடியுது. இது நடக்காத மனுஷங்க உலகத்துல இருக்க மாட்டாங்க, ஆனா இதுக்கு தமிழ்ல ஒரு பேர் இல்ல. எங்க வீட்டுல விலகாட்டம்னு வச்சிருக்கோம். கரகாட்டம் மயிலாட்டம் வரிசையில விலகாட்டம். விலகப் பாத்து ஆடுற ஆட்டம்னும் எடுத்துக்கலாம், விலகவே விலகாத ஆட்டம்னும் எடுத்துக்கலாம், ரெண்டுமே நிஜம்தானே. இலக்கணப்படி விலகலாட்டம்னுதான் வரணும்னு ஒரு நண்பர் சொன்னார், இருக்கட்டும், வாய்ல எது சுலபமா நிக்குதோ அதை வச்சுக்குவோம்.

இந்தப் பேர் வந்ததுல இருந்து வீட்டுல யாராவது வெளிய போயிட்டு வந்தா "இன்னைக்கு லிஃப்ட் வாசல்ல ஒரு பெரிய விலகாட்டம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. முன்னாடி இதையெல்லாம் யாரும் வாய் திறந்து சொன்னதே கிடையாது, சொல்றதுக்கு அதுல என்ன இருக்குன்னு விட்டுடுவாங்க, உள்ளுக்குள்ள மட்டும் ஒரு சின்ன கூச்சம் இருக்கும். பேர்னு ஒண்ணு வந்துட்டா, இது எனக்கு மட்டும் நடக்குறது இல்ல, எல்லாருக்கும் நடக்குறதுன்னு தானா புரிஞ்சிடுது, கூச்சம் போய் கதையா மாறிடுது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விளையாட்டு மேல எனக்கு அவ்வளவு பிரியம்.

இன்னொண்ணு பாருங்க. ஒரு ரூம்ல இருந்து எதையோ எடுக்க வேகமா அடுத்த ரூமுக்குப் போவோம், போய் நடுவுல நின்னு முழிப்போம், எதுக்கு வந்தோம்னே தெரியாது. 2011ல அமெரிக்காவுல நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துல கேப்ரியல் ரட்வான்ஸ்கிங்கிற உளவியல் பேராசிரியரும் அவரோட குழுவும் இதையே ஆராய்ச்சியா பண்ணினாங்க. ஒரே ரூமுக்குள்ள நடந்தவங்கள விட, அதே தூரத்த ஒரு கதவைத் தாண்டி நடந்தவங்க அதிகமா மறக்குறாங்கன்னு அதுல வந்துச்சு, வாசல தாண்டினதும் மூளை பழைய காட்சிய மூடிட்டு புதுசா ஒண்ண திறக்குதுன்னு விளக்கம் சொன்னாங்க, திரும்ப பழைய ரூமுக்கே போனாலும் ஞாபகம் வந்துடும்னு உறுதி இல்லன்னும் அதே ஆராய்ச்சியில இருக்கு. இதுக்கு நான் வச்ச பேர் நிலைமறதி. நிலைன்னா கதவு நிலை, அதைத் தாண்டினதும் வர்ற மறதி, தன்னிலை மறக்குறதுங்கிற பழைய பேச்சும் உள்ள ஒளிஞ்சிருக்கு. "இரு இரு, நிலைமறந்துட்டேன், யோசிச்சு சொல்றேன்"னு சொல்லிப் பாருங்க, எவ்வளவு இயல்பா வருதுன்னு தெரியும். விஞ்ஞானம் கதவுதான் காரணம்னு கண்டுபிடிச்சத நம்ம சொல்லு ஒரே எட்டுல சொல்லிடுது.

இதெல்லாம் வெட்டி வேலைன்னு நினைக்கிறவங்க இருப்பாங்க. அவங்களுக்காக கொஞ்சம் வெளிநாட்டுக் கதை சொல்றேன். புத்தகத்தோட பின்னட்டையில அந்தப் புத்தகத்த ஆஹா ஓஹோன்னு புகழ்ந்து நாலு வரி போடுவாங்கல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல பிளர்ப்னு பேர். 1907ல ஜெலட் பர்ஜெஸ்னு ஒரு அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் புத்தக விற்பனையாளர்கள் விருந்து ஒண்ணுக்காக தன் புத்தக அட்டையில மிஸ் பெலிண்டா பிளர்ப்னு ஒரு கற்பனைப் பொண்ணு படத்த போட்டு கேலி பண்ணினார், அந்த கேலிதான் இன்னைக்கு பதிப்பகங்கள்ல எல்லாரும் சீரியஸா உபயோகிக்கிற தொழில் வார்த்தை. ஒண்ணுக்குப் பின்னாடி நூறு பூஜ்ஜியம் போட்டா வர்ற எண்ணுக்கு பேர் வைக்கச் சொல்லி எட்வர்ட் காஸ்னர்ங்கிற கணித மேதை தன் அக்கா தங்கச்சி வழிச் சின்னப் பையன்கிட்ட கேட்டார், ஒன்பது வயசுப் பையன், அவன் கூகால்னு விளையாட்டா ஒண்ணு சொன்னான், அந்தச் சொல்லுல இருந்து வந்ததுதான் இன்னைக்கு நம்ம எல்லாரும் தேடுற கூகுள் பேர். 1754ல ஹொரேஸ் வால்போல்ங்கிற ஆங்கிலேயர், எதையோ தேடப் போய் எதிர்பாராம வேற நல்லது கிடைக்குறதுக்கு செரண்டிபிட்டின்னு ஒரு சொல்ல ஒரு கடிதத்துல போகிற போக்குல செஞ்சு வச்சார், செரண்டிப்னா இலங்கையோட பழைய பேர், நம்ம பக்கத்து மண்ணோட பேர வச்சே இங்கிலீஷ்காரன் சொல் செஞ்சிருக்கான், நம்ம சும்மா இருக்கோம்.

நிலைமைகளுக்குன்னே தேடித் தேடி பேர் வச்சவங்களும் உண்டு. 1983ல டக்ளஸ் ஆடம்ஸ், ஜான் லாய்டுன்னு ரெண்டு இங்கிலாந்து நகைச்சுவை எழுத்தாளர்கள் சேர்ந்து, வெறுமனே போர்டுல தொங்கிட்டிருக்குற ஊர்ப் பேர்களை எடுத்து, பேர் இல்லாத நிலைமைகளுக்கு ஒட்டி ஒரு அகராதியே போட்டாங்க. அதே 1980கள்ல அமெரிக்க டிவியில ரிச் ஹால்ங்கிற நகைச்சுவைக் கலைஞர், அகராதியில இல்லாத ஆனா இருந்திருக்க வேண்டிய சொற்கள்னு ஒரு பகுதி நடத்தினார், நேயர்கள் தாங்களே செஞ்ச சொற்களை எழுதி அனுப்பினாங்க. நான் உங்ககிட்ட கேக்குறதும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணுதான்.

நம்ம பக்கம் சொல் செய்யிறவங்க இல்லாம இல்ல, நிறைய பேர் இருந்திருக்காங்க, இருக்காங்க. கணினி, இணையம், மின்னஞ்சல், மென்பொருள் எல்லாம் எவ்வளவு அழகா வந்து உக்காந்துருச்சு, அத செஞ்சவங்கள கையெடுத்துக் கும்பிடணும். ஆனா அந்த வேலையில ஒரு கஷ்டம் இருக்கு, பொருள் வெளியில இருந்து வரும்போதே அதோட பேரும் கூடவே வந்துடுது, நம்ம சொல் பின்னாடியே ஓடிப் போய் பிடிக்க வேண்டியிருக்கு. செல்ஃபிக்கு தாமி, தற்படம், சுயமின்னு மூணு நாலு பேர் வந்துச்சு, எதுவுமே மோசமான சொல் இல்ல, ஆனா அதுக்குள்ள எல்லார் வாய்லயும் செல்ஃபி ஏறிடுச்சு, 2013ல ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி அத வருஷத்தோட சொல்லாவே அறிவிச்சுட்டாங்க. விலகாட்டம் மாதிரி நிலைமைக்கு அந்தப் போட்டியே கிடையாது, நம்ம ஊர் வாய்ல எந்த வெளிமொழிச் சொல்லும் முந்திக்கிட்டு வந்து உக்காரல, இடம் காலியா கிடக்கு, முதல் ஆளா போய் துண்டு போட்டுடலாம். இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. பேர் இருக்குறதுக்கு இன்னொரு பேர் வைக்கிறதுலயே நம்ம சக்தியெல்லாம் போகுது, பேரே இல்லாததுக்கு பேர் வைக்க யாரும் கிளம்பல.

கிளம்பலன்னு சொல்றது கூட முழுசா சரியில்ல, காலேஜ் பசங்க எப்பவும் கிளம்பிட்டேதான் இருக்காங்க. போரடிக்கிற பேச்சுக்கு ஒரு தலைமுறை அறுவைன்னு சொல்லுச்சு, அடுத்தது பிளேடுன்னுச்சு, அப்புறம் மொக்கை வந்துச்சு, முனை மழுங்கினதுங்கிற பழைய அர்த்தத்துல இருந்து இழுத்துட்டு வந்தது, அறுக்கிற கத்தியில ஆரம்பிச்சு கடைசியில அறுக்கவே முடியாத கத்தியில வந்து நிக்குது, இதுல இருக்குற கற்பனைய யாராவது கவனிச்சோமா? கலாய்க்கிறது, சொதப்புறது இதெல்லாம் எந்தக் கமிட்டியும் உக்காந்து செய்யல, ஆனா எழுபது வயசு பெரியவரும் "சொதப்பிட்டேன்பா"ன்னு சொல்ற அளவுக்கு பரவிடுச்சு.

ஏன் இதெல்லாம் நின்னுச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம் பண்ணுங்கிற ஊன்றுகோல் இல்லாம இதுங்க நடக்குறதுதான். மியூட் பண்ணு, ஃபார்வர்ட் பண்ணு, டெலீட் பண்ணு, எதை எடுத்தாலும் பின்னாடி ஒரு பண்ணு. சொதப்புக்கு அது வேண்டாம். சொதப்புறான், சொதப்பினான், சொதப்புவான், சொதப்பாதேன்னு எந்தப் பக்கம் வளைச்சாலும் வளையுது, அசல் தமிழ் வினைச்சொல் மாதிரியே காலம் காட்டுது ஆள் காட்டுது. அதனால புதுச்சொல் செய்யிறவங்களுக்கு நான் சொல்ற முதல் பரிசோதனை இதுதான், உங்க சொல்ல நேத்துல வச்சுப் பாருங்க, நாளைல வச்சுப் பாருங்க, கடைசியில ஒரு ஆதே சேத்து குழந்தைய அதட்டிப் பாருங்க. தாங்குச்சுன்னா அது பொழைக்கும். ஆஸ்திரேலியாவுல 2012ல ஒரு அகராதிக்காரங்களும் ஒரு விளம்பர நிறுவனமும் சேர்ந்து, எதிர்ல ஆள் இருக்கும்போதே போனைப் பாத்து அவங்கள அலட்சியப்படுத்துறதுக்கு ஃபப்பிங்னு ஒரு சொல்ல பெத்து விட்டாங்க. அதுக்கு தமிழ்ல செல்லட்சியம்னு ஒண்ணு செஞ்சேன், செல்லும் அலட்சியமும் சேர்ந்தது, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பண்ணு இல்லாம ஒரு அடி நகர மாட்டேங்குது, அதனால அதுக்கு ரெண்டாம் இடம்தான் குடுப்பேன்.

முதல் இடம் எதுக்குன்னு கேட்டீங்கன்னா தட்டழிக்குத்தான். வாட்ஸ்அப்ல ஒருத்தருக்கு ஏதோ முக்கியமான விஷயம் எழுதணும், மன்னிப்பு கேக்கணும், இல்ல ஒரு உதவி கேக்கணும், தட்டுறோம், படிச்சுப் பாக்குறோம், ரொம்ப கெஞ்சுற மாதிரி இருக்கேன்னு அழிக்கிறோம், திரும்ப தட்டுறோம், இப்ப ரொம்ப விறைப்பா இருக்கேன்னு அழிக்கிறோம். எதிர்ப் பக்கம் இருக்குறவங்களுக்கு டைப்பிங் டைப்பிங்னு காட்டிட்டு நின்னுடுது, திரும்ப காட்டுது, திரும்ப நின்னுடுது, கடைசியில வர்றது "ஓகே"ன்னு ஒரே ஒரு வார்த்தை. இதுதான் தட்டழிக்கிறது. தட்டு, அழி, ரெண்டையும் சேத்தாச்சு. சேத்துட்டு அகராதியைப் பாத்தா தட்டழிதல்னு தமிழ்ல ஏற்கனவே ஒரு சொல் இருக்கு, தடுமாறி நிலைகெட்டுப் போறதுன்னு அர்த்தம்! தட்டி அழிக்கிறவன் மனசுல நடக்குறதும் அந்தத் தடுமாற்றம்தானே, எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷத்த சொல்லி மாளாது, நம்ம மொழி இந்த நிலைமைக்காக முன்கூட்டியே எடுத்து வச்சுட்டு காத்துட்டிருந்த மாதிரி இருந்துச்சு. "அரைமணி நேரமா தட்டழிக்கிறாளே, என்னன்னு போன் பண்ணிக் கேளேன்", "நீ தட்டழிச்சது எனக்குத் தெரியும், எழுத வந்தத சொல்லு", இப்படியெல்லாம் எங்க வீட்டுல இப்ப சர்வ சாதாரணமா ஓடுது. தட்டழியும்போது அவங்க தடுமாறுறாங்கன்னு தெரியுது, தட்டழிக்கும்போது விரல் வேலை தெரியுது, ஒரு எழுத்துல ரெண்டு அர்த்தமும் பிரிஞ்சு நிக்குது.

புதுசா ஒட்ட வைக்காம பழைய சொல்லுக்கு புது வேலை குடுக்குறதும் உண்டு, இது பசங்களுக்கு ரொம்ப நல்லா வருது. எங்க அக்கா பொண்ணு, ஸ்கூல் படிக்கிறவ, ஒரு தடவை லிஃப்டுக்காக நின்னுட்டிருந்தோம், பட்டன்ல லைட் எரிஞ்சுட்டுதான் இருக்கு, ஆனா ஒருத்தர் வந்து அத திரும்பத் திரும்ப அமுக்கிட்டே இருந்தார், அமுக்கினா லிஃப்டு பயந்துக்கிட்டு வேகமா வந்துடும்ங்கிற மாதிரி. லிஃப்டு வந்து அவர் போனதும் இவ என் காதுகிட்ட வந்து "சித்தி, அவர் அமுக்குணி"ன்னா. அமுக்குணின்னா வெளிய ஒண்ணும் காட்டிக்காம உள்ளுக்குள்ள எல்லாத்தையும் வச்சிருக்குற ஆளைச் சொல்றது, இவளுக்கு அந்த அர்த்தம் தெரிஞ்சும் இருக்கு, தெரிஞ்சே திருப்பி விட்டிருக்கா. "எப்படி உனக்கு இது தோணுச்சு"ன்னு கேட்டேன், "அமுக்கிட்டே இருந்தா அமுக்குணிதானே சித்தி, இதுல என்ன யோசிக்க இருக்கு"ன்னுட்டா. பெரியவங்க இந்த மாதிரி நேரத்துல ஒழுங்கா பேசுன்னு அதட்டிடுறோம், அதட்டாதீங்க. சொல்லுக்குள்ள கைய விட்டு அதோட எலும்பு எங்க இருக்குன்னு அந்தக் குழந்தை தொட்டுப் பாக்குது, இலக்கண வகுப்புல நடக்க வேண்டிய விஷயம் லிஃப்ட் வாசல்ல நடக்குது.

கைமாத்தும் அப்படி ஒரு சொல். தூரத்துல ஒருத்தர் கையசைக்கிறார், நமக்குத்தான்னு நம்மளும் சந்தோஷமா கைய தூக்கி ஆட்டுறோம், பாத்தா அவர் நமக்குப் பின்னாடி நிக்கிறவருக்கு அசைச்சிருக்கார், தூக்கின கைய என்ன பண்றது, அப்படியே தலைமுடிய கோதிவிட்டு வேற எங்கயோ பாக்குறோம். அவசரத்துக்கு வட்டியில்லாம வாங்குற சின்ன கடனுக்கு கைமாத்துன்னு சொல்வோம், இங்கயும் கைதான் மாறுது, ஆட்டப் போன கை தலை கோதப் போகுது, அடுத்தவருக்கு வந்த வணக்கத்த கொஞ்ச நேரம் கடனா வாங்கினதும் ஆச்சு.

நம்ம பேச்சுல இன்னொரு வசதி இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். புலி கிலி, போன் கீன், பணம் கிணம்னு எந்தச் சொல்லுக்கும் பின்னாடி ஒரு கி வாலு ஒட்டுவோம், அந்த கி சொல்லுக்கு தனியா அர்த்தம் கிடையாது. அர்த்தம் இல்லாம சும்மா சுத்திட்டிருக்குற அந்தச் சொற்களுக்கு வேலை குடுத்தா என்னன்னு ஆபீஸ்ல நாங்க ஆரம்பிச்சோம். ஒரு முடிவும் எடுக்காம, எதுக்குக் கூப்பிட்டாங்கன்னே தெரியாம முடியிற மீட்டிங்குக்குப் பேர் கீட்டிங். "மத்தியானம் மீட்டிங்கா?", "மீட்டிங் இல்ல, கீட்டிங்தான், பயப்படாதீங்க". லீவு போட்டும் நாள் முழுக்க ஆபீஸ் போன் வந்துட்டே இருந்தா அது லீவு இல்ல, கீவு. செய்யிற மாதிரி காட்டிக்கிட்டு செய்யாம இருக்குறது வேலை இல்ல, கீலை. யார் கேட்டாலும் விளக்கமே தேவைப்படல, முதல் தடவை கேக்கும்போதே சிரிச்சிடுறாங்க, ஏன்னா மொழியோட பழக்கம் அவங்க காதுல ஏற்கனவே இருக்கு. ஒரு எழுத்த மாத்தினா அசலும் போலியும் பிரிஞ்சிடுற இந்த வசதிய வச்சு இன்னும் எவ்வளவோ செய்யலாம்.

அப்புறம் பொய்யாமொழி, வாடாமலர்னு நம்ம பெரியவங்க கட்டி வச்ச ஒரு அச்சு இருக்கு, இல்லைங்கிறத ஒரே ஒரு நெடில்ல சொல்லிடுற அச்சு. வீட்ட விட்டே கிளம்பாம போன்ல "வந்துட்டே இருக்கேன், பக்கத்துல வந்துட்டேன்"னு சொல்றதுக்கு கிளம்பாவரவு. தானே படிக்காம பத்து குரூப்புக்கு தட்டி விடுற செய்திக்கு படியாப்பகிர்வு, இந்தச் சொல்லாவது பரவினா அந்தப் பழக்கம் கொஞ்சம் குறையும்னு நிஜமாவே நம்புறேன், "அண்ணே இது படியாப்பகிர்வா?"ன்னு மரியாதையா ஒரு வரி கேட்டா போதும், சண்டை போட வேண்டியதில்ல. வீடியோ மீட்டிங்ல மைக் ஆஃப்ல இருக்குறது தெரியாம ஒருத்தர் அஞ்சு நிமிஷம் ஆவேசமா பேசுறாரே, அதுக்கு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஊமைப்பேச்சுன்னு சொன்னார், எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா வாய் பேச முடியாதவங்க காதுக்கு... இல்ல, அவங்க கண்ணுக்கும் மனசுக்கும் அது எப்படி இருக்கும்னு அங்கயே ஒரு அம்மா கேட்டாங்க, அந்த இடத்துலயே அத தூக்கிட்டு ஒலியாப்பேச்சுன்னு மாத்திட்டோம். மாத்தினதுல சிரிப்பு ஒண்ணும் குறையல. நிலைமையைப் பாத்து சிரிக்கலாம், உடம்பைப் பாத்தோ சாதியைப் பாத்தோ நிறத்தைப் பாத்தோ சிரிக்கிற சொல் வந்தா நீங்க கண்ண மூடிட்டு குப்பையில போடணும். நம்ம கேலிச் சொற்கள்ல பாதி அந்த வகையா இருக்குறது எனக்கு ரொம்ப வருத்தம், அதுக்கு மாத்தா எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சொற்கள் வரணும்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.

இப்படி கண்டபடி சொல் செஞ்சா தமிழ் கெட்டுடும்னு சில பேர் உங்களுக்கு எழுதுவாங்க. அவங்க அக்கறை எனக்குப் புரியுது, அந்த அக்கறை எனக்கும் இருக்கு. ஆனா தொல்காப்பியமே "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே"ன்னு சொல்லுது, காலத்தோட பொருந்தி வந்தா இது வேண்டாம்னு ஒதுக்குற சொல்லே கிடையாதுன்னு. "பழையன கழிதலும் புதியன புகுதலும்"னு நன்னூல் சொன்னது ஸ்கூல்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணினதுதான். இங்கிலீஷ கலந்து பேசுறத விட, தமிழ் வேர்ல இருந்து ஒரு விளையாட்டுச் சொல்ல இழுத்து வந்து பேசுறது தமிழுக்கு எந்த விதத்துல கெடுதல்? தட்டழிக்காக நான் அகராதிய புரட்டின அன்னைக்கு பக்கத்துல இருந்த இன்னும் பல சொற்களையும் படிச்சேன், வேற எந்த வேலைக்காகவும் அந்தப் பக்கத்த திறந்திருக்க மாட்டேன்.

வேற மொழிக்காரங்க ஏற்கனவே பேர் வச்ச நிலைமைகளும் சிலது இருக்கு, அதையும் வாசகர்கள்கிட்ட கேக்கலாம். ஒருத்தர் நம்மள மட்டம் தட்டிப் பேசும்போது வாயடைச்சு நின்னுட்டு, அங்கிருந்து கிளம்பி வந்ததுக்கு அப்புறம் சரியான பதிலடி தோணுமே, அத பிரெஞ்சுக்காரங்க படிக்கட்டு புத்தின்னு சொல்வாங்க, 18ம் நூற்றாண்டுல திதெரோங்கிற பிரெஞ்சு சிந்தனையாளர் எழுதினதுல இருந்து வந்தது, மாடியில இருந்து இறங்கி படிக்கட்டு அடிக்கு வந்ததும்தான் பதில் வருதாம். எனக்கெல்லாம் படிக்கட்டுல வராது, ராத்திரி படுத்ததுக்கு அப்புறம்தான் வரும், அதனால ராப்பதில்னு வச்சிருக்கேன். புத்தகமா வாங்கி வாங்கி படிக்காம அடுக்கி வைக்கிறதுக்கு ஜப்பான்காரங்க சுன்டோக்குன்னு ஒரு சொல் வச்சிருக்காங்க, நம்மகிட்ட அடுக்கறிவு இருக்கட்டும். தெரிஞ்சவரை இன்னொருத்தருக்கு அறிமுகப்படுத்தப் போற நேரத்துல அவர் பேர் மறந்து போய் முழிக்கிறதுக்கு ஸ்காட்லாந்துல டார்ட்டில்னு சொல்வாங்களாம், நம்ம பேர்முழி அதைவிட சட்டுன்னு விளங்குது, "நல்லா பேர்முழிச்சேன் போ"ன்னு வினைச்சொல்லாவும் வருது.

பகுதிய எப்படி நடத்துறதுன்னு எனக்குத் தோணினத சொல்றேன், மாத்துறதெல்லாம் உங்க இஷ்டம். ஒரு வாரம் ஒரு நிலைமைய மட்டும் ரெண்டு மூணு வரியில போடுங்க. அடுத்த வாரம் வந்த சொற்கள்ல நல்லதா சிலதப் போடுங்க, சொல்லோட அந்தச் சொல்ல வச்சு பேசுற ஒரு வாக்கியமும் கட்டாயம் கேளுங்க, ஏன்னா தனியா பாக்குறப்ப அட்டகாசமா இருக்குற பல சொல் வாக்கியத்துல போட்டா செத்துடும். பள்ளிப் பிள்ளைங்க அனுப்பினா வகுப்ப போட்டு முதல்ல போடுங்க. பரிசெல்லாம் வேண்டாம், பரிசு வச்சா ஜெயிக்கிறதுக்காக நீட்டி முழக்கி ஏழெட்டு எழுத்துல அனுப்புவாங்க, அச்சுல தன் சொல் வர்றதே போதும். ஒரே சொல் ரெண்டு மூணு பேர் அனுப்பியிருந்தா அத மறைக்காம போடுங்க, அப்படி வந்தா அந்தச் சொல் ஊருக்குள்ள ஏற்கனவே பாதி பிறந்துடுச்சுன்னு அர்த்தம். வருஷக் கடைசியில, செஞ்சவங்க தவிர வேற யாராவது தெருவுல பேசி காதுல விழுந்த சொல் எதுன்னு வாசகர்கள்கிட்டயே கேளுங்க.

முதல் வாரத்துக்கு நிலைமை நானே தர்றேன், இதுக்கு என்கிட்ட சொல் இல்ல, எங்க வீட்டுலயும் யாருக்கும் அமையல. போன் அடிக்குது, யார்னு பாக்குறோம், பேசவே முடியாத ஆள்னு இல்ல, நல்ல மனுஷங்கதான், ஆனா இப்ப பேசுற தெம்பு இல்ல. கட் பண்ணினா தெரிஞ்சிடும்னு தொடாம கையில வச்சுக்கிட்டு அது தானா அடிச்சு ஓயிற வரைக்கும் மூச்சு விடாம பாத்துட்டே இருக்கோம், ஓய்ஞ்ச ஒரு நிமிஷம் கழிச்சு "சாரி, இப்பதான் பாத்தேன், என்ன விஷயம்?"னு மெசேஜ் அனுப்புறோம். வினைச்சொல்லா வந்தா ரொம்ப நல்லது, பண்ணு இல்லாம.

அன்புடன்,
உங்க நெடுநாள் வாசகி